என் சம்மதம் இல்லாமல் காவின் (கலியாணப் பதிவு) எழுத முடியுமா?

கேள்வி: எனக்கு 19 வயது. சம்மாந்துறைப் பக்கம். ஏ.எல். கலைப் பிரிவில் சித்தியடைந்து வந்தாறுமூலை கம்பஸ் (கிழக்குப் பல்கலைக்கழகம்) கிடைத்திருக்கிறது. நோன்புப் பெருநாள் கழிந்ததும் நிக்காஹ் என்று வாப்பா பேசி முடித்துவிட்டார். மாப்பிள்ளை யாரென்றே எனக்குத் தெரியாது. மாட்டேன் என்றேன். "நான்தான் வலி (பெண்ணின் பொறுப்பாளர்). நான் ஒப்பம் வைத்தால் போதும், உங்கட ஒப்பம் தேவையில்லை. வாப்பா சொல்லைத் தட்டுவது மார்க்கத்துக்கு விரோதம்" என்கிறார். மௌலவி ஒருவரும் அப்படித்தான் சொன்னாராம். போனைக் காக்கா (அண்ணன்) வாங்கி வைத்துவிட்டார். கூட்டாளியின் போனிலிருந்து எழுதுகிறேன். நான் தொழுகிறேன், ஓதுகிறேன், மார்க்கத்தை விட்டுப் போகும் நினைப்பே இல்லை. கலியாணமே வேண்டாம் என்றும் இல்லை. படித்து முடிக்க வேண்டும். என் சம்மதம் இல்லாமல் உண்மையிலேயே காவின் எழுத முடியுமா?

பதில்: மகள், ஒப்பத்தைப் பற்றி வாப்பா சொன்னது சரி. மார்க்கத்தைப் பற்றி அவர் சொன்னதில் பாதிகூடச் சரியில்லை. இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டித்தான் உங்களைப் பயமுறுத்துகிறார்கள். பிரித்துப் பார்ப்போம்.

இலங்கையில் நம் கலியாணங்கள் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் பதியப்படுகின்றன. பதிவின்போது மாப்பிள்ளை பிரகடனம் செய்கிறார், பெண்ணின் வலி செய்கிறார், நிக்காஹ்வை நடத்திவைப்பவர் செய்கிறார். பெண் ஒப்பமிட அந்தப் படிவத்தில் இடமே கிடையாது. பக்கத்துக் காரைதீவில் உங்கள் வயதுத் தமிழ்ப் பிள்ளைக்குப் பதிவு நடந்தால் அவளேதான் ஒப்பமிட வேண்டும். அவளுக்கு 18 நிறைந்திருக்கவும் வேண்டும். நமது சட்டத்திலோ 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் விவாகத்தைப் பதியக் காதியின் (முஸ்லிம் விவாக வழக்குகளை விசாரிக்கும் நீதிபதி) அனுமதி வேண்டும் என்பதோடு வயதுப் பேச்சு முடிந்துவிடுகிறது. இதைத் திருத்துவது பற்றி ஆராய 2009இல் அப்போதைய உயர் நீதிமன்ற நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைத்தார்கள். ஒன்பது வருடம் கழித்து, 2018இல், அந்தக் குழு இரண்டாகப் பிரிந்து நின்றுதான் அறிக்கை கொடுத்தது. அந்த ஒன்பது வருடத்திலும் உங்களைப் போன்ற பிள்ளைகளுக்குக் காவின் எழுதப்பட்டுக்கொண்டேதான் இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது.

சரி, இனி மார்க்கம். நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலானோர் ஷாஃபி மத்ஹபை (மார்க்கச் சட்டப் பிரிவை) பின்பற்றுபவர்கள். ஷாஃபி மத்ஹபில் கன்னிப் பெண்ணின் விடயத்தில் தகப்பனுக்கும், அவர் இல்லாதபோது தகப்பனின் தகப்பனுக்கும், 'இஜ்பார்' என்ற, அவள் சம்மதம் இல்லாமலே மணமுடித்து வைக்கும் அதிகாரம் பேசப்படுவது உண்மை. மௌலவி அதைத்தான் சொல்லியிருப்பார். அவர் சொல்லாமல் விட்டது அதன் நிபந்தனைகளை. தகப்பனுக்கும் மகளுக்கும் இடையே வெளிப்படையான பகை இருக்கக்கூடாது. மாப்பிள்ளை பெண்ணுக்குத் தகுதியானவராக, அதாவது குஃபுவாக, இருக்க வேண்டும். மஹர் (மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மணக்கொடை) கொடுக்கச் சக்தி உள்ளவராக இருக்க வேண்டும். அதோடு, மகளிடம் அனுமதி கேட்பது விரும்பத்தக்கது என்று அதே ஷாஃபி இமாம்கள்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். ஹனபி மத்ஹபிலோ வயது வந்த பெண்ணைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் தகப்பனுக்கு இல்லை.

ஹதீஸுக்கு வந்தால், ஸஹீஹ் புகாரியில் கன்ஸா பின்த் கிதாம் என்ற பெண்ணின் சம்பவம் இருக்கிறது. தகப்பன் அவருக்குப் பிடிக்காத கலியாணத்தைச் செய்து வைத்தார். அவர் நபி (ஸல்) அவர்களிடம் போய் முறையிட்டார். நபியவர்கள் அந்தக் கலியாணத்தை ரத்துச் செய்தார்கள். அவர் முன்பு ஒரு முறை மணமானவர், கன்னியின் சட்டம் வேறு என்று மௌலவி பதில் சொல்லலாம். சொன்னால், கன்னியிடமும் அனுமதி கேட்க வேண்டும் என்ற ஹதீஸும் அதே நூலில்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள். பரீராவின் கதையையும் வாசித்துப் பாருங்கள். விட்டுப் பிரிந்த கணவரோடு மீண்டும் சேரலாமே என்று நபியவர்கள் கேட்டபோது, இது கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, சிபாரிசுதான் என்றார்கள். அப்படியென்றால் எனக்கு அவர் தேவையில்லை என்றார் பரீரா. அவரை யாரும் மார்க்கத்தை மீறியவள் என்று சொல்லவில்லை. நபியின் சிபாரிசையே மறுக்க ஒரு பெண்ணுக்கு இடம் இருந்ததென்றால், வாப்பா பேசிவந்த மாப்பிள்ளையை மறுத்ததற்காக நீங்கள் குற்ற உணர்வோடு தொழ வேண்டியதில்லை.

இதில் உங்களுக்கு ஆபத்தான இடம் ஒன்று இருக்கிறது. கன்னிப் பெண்ணின் மௌனமே அவளுடைய சம்மதம் என்றும் ஹதீஸில் வருகிறது. வெட்கத்தால் வாய் திறக்காத பிள்ளைக்காகச் சொல்லப்பட்ட சலுகை அது. ஆனால் நம் ஊர்களில் அறைக்குள் அழுதுகொண்டிருந்த பிள்ளையின் மௌனத்தையும் சம்மதமாக எடுத்துக்கொண்டு காவின் எழுதியிருக்கிறார்கள். "அவள் ஒன்றும் சொல்லவில்லையே" என்ற வார்த்தையைப் பிறகு காதி நீதிமன்ற வாசலில் நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஆகவே உங்கள் மறுப்பு வீட்டுச் சண்டையோடு நின்றுவிடக்கூடாது. நிக்காஹ் நாளுக்கு முன்பே, எழுத்தில், அதை நடத்தப் போகிறவர்களின் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

கடிதம் அரைப் பக்கம் போதும். பெயர், அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, இன்னாரின் மகள், இந்தக் கலியாணத்துக்கு எனக்குச் சம்மதம் இல்லை, என்னிடம் நேரில் கேட்காமல் நிக்காஹ் நடத்தவோ பதியவோ வேண்டாம், திகதி, ஒப்பம். வாப்பாவைப் பற்றி ஒரு குறையும் எழுத வேண்டாம். எழுதினால் பேச்சு அதிலேயே போய்விடும். இதை உங்கள் பகுதி முஸ்லிம் விவாகப் பதிவாளருக்கும், பள்ளிவாசல் நிருவாக சபைக்கும், காதிக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்தில் இருக்கும் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் நேரில் கொடுங்கள். தபால் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அதன்பிறகு உங்களிடம் கேட்காமல் பதிய எந்தப் பதிவாளரும் இரண்டு முறை யோசிப்பார். நாளைக்கு வழக்கு என்று வந்தால் பதில் சொல்ல வேண்டியது அவராயிற்றே.

மறுப்பையும் மீறி எழுதிவிட்டால்? அந்த விவாகம் செல்லாது என்று காதியிடம் விண்ணப்பிக்கலாம். அவர் தீர்ப்பு பிடிக்காவிட்டால் காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். ஆனால் காதி நீதிமன்றத்தில் உங்களுக்காகச் சட்டத்தரணி ஆஜராக முடியாது, சட்டம் அனுமதிப்பதில்லை. காதியாக இருப்பவரும் ஆண்தான், அதுவும் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த அறையில் 19 வயதுப் பிள்ளை தனியாக நின்று பேசுவது எவ்வளவு பாரம் என்பதை அறிந்துதான் முன்கூட்டியே எழுதுங்கள் என்று வற்புறுத்துகிறேன். "கலியாணத்துக்குப் பிறகு படிக்கலாம்" என்ற வாக்கையும் நம்பி இறங்க வேண்டாம். வாய்ப் பேச்சாக இருக்கும்வரை அதை யாரிடமும் கேட்டு வாங்க முடியாது.

போனைப் பறித்திருக்கிறார்கள். அடிப்பது, அறையில் பூட்டுவது, மிரட்டுவது என்று போனால் விடயம் வேறு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லாச் சமூகத்துக்கும் பொதுவானது. கணவனுக்கு எதிராக மட்டுமல்ல, தகப்பனுக்கும் சகோதரனுக்கும் எதிராகவும் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். கடுமையான, தொடர்ச்சியான மன உளைச்சலும் அதில் அடங்கும். 18 வயது கடந்தவரைப் பூட்டி வைப்பது தகப்பன் செய்தாலும் குற்றம்தான். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. உங்களைவிட இளைய, 18 நிறையாத தங்கச்சி யாருக்காவது இது நடந்தால் 1929. பொலிஸில் சிறுவர், பெண்கள் பணியகத்துக்குப் போங்கள். "வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று திருப்பி அனுப்பினால், முறைப்பாட்டைப் பதிந்து இலக்கத்தைத் தாருங்கள் என்று கேளுங்கள். வழக்குக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

இது முஸ்லிம் வீட்டுக் கதை மட்டுமல்ல. சபைப் பாஸ்டர் சொன்ன மாப்பிள்ளைக்கும், சாதி பார்த்துப் பேசிய மாப்பிள்ளைக்கும் தலையாட்ட வைக்கப்பட்ட பிள்ளைகளும் மட்டக்களப்பிலிருந்து என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களிடமும் வேதத்தின் பேரைச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள்.

ஆனாலும் உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் வாப்பா கெட்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை. பயந்திருக்கிறார். ஹொஸ்டல், ராகிங், யாரோடு பழகுவாளோ, ஊர் என்ன பேசும் என்ற பயம். நம் கிழக்கில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கத் தகப்பன் பாதி ஆயுளைத் தேய்க்கிறார். வீடு முடிந்த கையோடு பொறுப்பையும் முடித்துவிடத் துடிப்பது அதனால்தான். அதே வழக்கம் உங்களுக்கு ஒரு பலத்தையும் தருகிறது. இங்கே வீடு பெண் வழியில் போகிறது, உம்மாவும் பெரியம்மாவும் பேசினால் எடுபடும். உம்மா என்ன நினைக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவரிடம் தனியாகப் பேசுங்கள். வாப்பாவிடம் "கலியாணம் வேண்டாம்" என்று தொடங்காமல், "படிப்பு முடியட்டும், பிறகு நீங்களே பாருங்கள், என்னிடமும் கேளுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். கம்பஸில் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளை ஒருத்தியையும் அவளுடைய உம்மாவையும் வீட்டுக்கு அழைத்துவந்து பேச வைத்தால், நான் சொல்வதைவிட அது அவர் மனதில் ஏறும். எப்போது கலியாணம் நடந்தாலும், வீட்டின் நன்கொடை உறுதி (பத்திரம்) உங்கள் பேரில் மட்டுமே இருக்கட்டும்.

பேச்சுவார்த்தை நடக்கும்போதே கம்பஸ் பதிவுத் திகதி கடந்துவிடக்கூடாது. திகதி எது என்று நீங்கள் எழுதவில்லை, இன்றே பாருங்கள். பதியாமல் விட்டால் கிடைத்த இடம் போய்விடும், பிறகு வாப்பா மனம் மாறியும் பயனில்லை. அடையாள அட்டை, ஏ.எல். பெறுபேறு, வங்கிப் புத்தகம் மூன்றும் உங்கள் கையில் இருக்கின்றனவா? இல்லையென்றால் கேட்டு வாங்கி, நம்பிக்கையான மாமி ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழ் அகப்படாவிட்டால் கவலை வேண்டாம், பிரதேச செயலகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். அங்கே போகும் அன்றே கடிதத்தின் பிரதியையும் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கொடுத்துவிடலாம், ஒரே கட்டிடம்தான்.