69 வயதில் படிப்பு ஏறுமா? கட்டணம் கட்டும் முன் காதைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 69 வயது. கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போதெல்லாம் தெரிந்தவர்களின் பெயர்கூடச் சட்டென்று வாய்க்கு வருவதில்லை. மகனுக்குத் தெரிந்த ஒருவர் ‘மூளைப் பயிற்சி’ வகுப்பு ஒன்றைச் சொல்கிறார். மறதி நோய் வராமல் தடுக்குமாம். ஓராண்டுக் கட்டணத்தை இந்த வாரமே மொத்தமாகக் கட்டினால் பாதிச் சலுகையாம். இரண்டு வருடம் முன்பு ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்து, சொல்வது எதுவும் மண்டையில் ஏறாமல் நான்காம் நாளே நின்றுவிட்டேன். சின்ன வயதிலிருந்து ஓவியம் கற்க ஆசை. இந்த வயதில் புதிதாக எதையாவது படித்தால் ஏறுமா? எதில் சேரட்டும்?

பதில்:

ஏறும் அம்மா. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்த ஓராண்டுக் கட்டணத்தைக் கட்டாதீர்கள். மகன் ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், மீதியைக் கொடுக்காமல் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.

பெயர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பெயர் நாக்கு நுனியில் நின்று, அரை மணி நேரம் கழித்து வேறு வேலையாக இருக்கும்போது தானாக வந்து விழுகிறதா? அப்படியென்றால் அது வயதோடு வரும் தாமதம். மூளை ஒன்றைத் தேடி எடுக்கும் வேகம் குறைகிறது. எடுக்க வேண்டியது உள்ளே பத்திரமாகவே இருக்கிறது. சொல்வளமும், வாழ்ந்து சேர்த்த அறிவும் 60, 70 தாண்டியும் நன்றாக நிற்கக்கூடியவை. பழகிய தெருவிலேயே வழி தெரியாமல் நிற்பது, நேற்று நடந்ததே அடியோடு நினைவில்லாமல் போவது, வாழ்நாள் முழுக்கச் செய்த கணக்கில் தடுமாறுவது, இதெல்லாம் வேறு. அப்படி எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

இனி, அந்தப் பயிற்சி வகுப்பு. முதியோர் மருத்துவத்தில் இருக்கும் எனக்கு இந்த வியாபாரம் நடக்கும் விதம் மனப்பாடம். முதலில் ‘இலவச நினைவாற்றல் சோதனை’ என்று அழைப்பார்கள். கண் கூசும் திரையில் எண்கள் ஓடும், படங்கள் மின்னி மறையும். பழக்கமே இல்லாத விளையாட்டு என்பதால் யாருக்குமே மதிப்பெண் குறைவாகத்தான் வரும். அந்த எண்ணைச் சிவப்பு மையில் எழுதிக் காட்டுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகனுக்கோ மகளுக்கோ வயிறு கலங்கும். கட்டண ரசீது வெளியே வருவது அப்போதுதான். ஆள் சேர்த்துவிட்டவருக்கு அதில் ஒரு பங்கு உண்டு என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

மூன்று மாதத்தில் மதிப்பெண் ஏறும், நிச்சயம் ஏறும். அதே விளையாட்டைத் தினமும் ஆடினால் ஏறாமல் என்ன செய்யும்? கேட்க வேண்டிய கேள்வி, அந்த ஏற்றம் விளையாட்டுக்கு வெளியே வருகிறதா என்பது. 1998-இல் அமெரிக்காவில் ‘ஆக்டிவ்’ என்ற பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். 65 வயது கடந்த 2,800-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். ஒரு குழுவுக்கு நினைவாற்றல் பயிற்சி, இன்னொன்றுக்குத் தர்க்கப் பயிற்சி, மூன்றாவதற்குக் கண்ணில் பட்டதைச் சட்டென்று புரிந்துகொள்ளும் வேகப் பயிற்சி, நான்காவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஒவ்வொரு குழுவும் தான் பழகிய திறமையில் முன்னேறியது, மற்றவற்றில் முன்னேறவில்லை. பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, நினைவாற்றல் பயிற்சி பெற்றவர்களின் ஆதாயம் கரைந்துபோயிருந்தது. வேகப் பயிற்சியைப் பற்றிப் பின்னாளில் சில நல்ல செய்திகள் வந்தன என்பது உண்மைதான். அது குறிப்பிட்ட ஒரு பயிற்சி, குறிப்பிட்ட முறையில் தரப்பட்டது. உங்களுக்கு விற்கப்படுவது அதேதானா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்கள். ‘லுமாசிட்டி’ என்ற பிரபல மூளை விளையாட்டை விற்றவர்கள், மறதியைத் தள்ளிப்போடும் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக அமெரிக்க அரசின் வணிக ஆணையம் வழக்குப் போட்டது. 2016-இல் 20 லட்சம் டாலர் கட்டி அதை முடித்துக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே கையில் ஆதாரம் இல்லாத வாக்குறுதியை, மகனின் நண்பர் எதை வைத்து உங்களுக்குத் தருகிறார்?

என் அறைக்கு ஒரு பெரியவர் வந்தார். கையில் பிளாஸ்டிக் கோப்பு. அதிலிருந்து லேமினேட் செய்த மூன்று சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் நேராக அடுக்கினார். விளையாட்டில் ஒன்பதாம் நிலை வரை போயிருக்கிறார். “நல்லது ஐயா, எதற்காக வந்தீர்கள்?” என்றேன். வெளியூரில் இருக்கும் மகளிடம் வீடியோ காலில் பேசத் தெரியவில்லை, பேரன் வந்து போட்டுக் கொடுத்தால்தான் உண்டு, அதை நினைத்தால் இரவில் தூக்கம் வருவதில்லை என்றார். ஓராண்டு முழுக்கத் தினமும் செல்பேசித் திரையைத் தொட்டுக்கொண்டிருந்த மனிதர் அவர். அந்தத் திரையில் அவருக்கு உண்மையில் தேவைப்பட்ட ஒன்றைக் கற்றுக் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு வந்த கோபத்தை இன்றும் அடக்க முடியவில்லை.

அப்படியானால் எதைக் கற்பது? உங்கள் ஓவியத்தைத்தான். ஆசைக்காக மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவின் டாலஸ் நகரில் டெனிஸ் பார்க் என்ற ஆய்வாளரின் குழு 60 முதல் 90 வயது வரையிலான 221 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து, 2014-இல் முடிவை வெளியிட்டது. சிலருக்கு டிஜிட்டல் புகைப்படக் கலை, சிலருக்குத் துணி ஒட்டுத் தையல், சிலருக்கு இரண்டும் கற்றுக் கொடுத்தார்கள். வேறு சிலர் கூடிப் பேசினார்கள், சேர்ந்து வெளியே போய் வந்தார்கள், புதிதாக எதுவும் கற்கவில்லை. இன்னும் சிலர் வீட்டில் இசை கேட்பது போன்ற சுலபமான காரியங்களைச் செய்தார்கள். மூன்று மாதத்துக்குப் பின் பார்த்தால், கடினமான புதுக் கலையைக் கற்றவர்களின் நினைவாற்றல்தான் கூடியிருந்தது. ஆனால் அவர்கள் வாரத்துக்குச் சராசரியாக 15 மணி நேரத்துக்கும் மேல் உழைத்தார்கள். வாரம் ஒரு மணி நேரம் போய் உட்கார்ந்துவிட்டு வந்தால் அந்தப் பலன் வராது. வகுப்பு ஒரு நாள் என்றால், வீட்டில் ஐந்து நாள் பென்சில் கையில் இருக்க வேண்டும். போட்ட கோட்டை அழித்து, மறுபடி போட்டு, ஆசிரியர் கையைப் போல உங்கள் கை வளையவில்லையே என்று எரிச்சல் வருகிறதல்லவா, அந்த எரிச்சலோடு தாளை விடாமல் இருக்கிறீர்களே, அந்த நேரத்தில்தான் மூளை வேலை செய்கிறது. கைக்குப் பழகிப்போனதையே திரும்பத் திரும்ப வரைவது பொழுதுபோக்கு. அதுவும் நல்லதுதான், மருந்தாகாது, அவ்வளவே.

இங்கே ஒரு விலக்கு இருக்கிறது. உங்கள் விஷயத்தில் இதுதான் முக்கியம் என்று நினைப்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் வகுப்பில் “சொல்வது எதுவும் ஏறவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். ஏறவில்லையா, கேட்கவில்லையா? வயதாகும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த சுருதியில் வரும் மெல்லிய ஒலிகளை. சத்தம் கேட்கும், சொல் பிரியாது. பல், கல், சொல் என்று யாராவது சொன்னால் பின்னால் வரும் ஒலி வந்து சேரும், முன்னால் இருக்கும் எழுத்து காணாமல் போகும். ஆசிரியர் “டிக் செய்யுங்கள்” என்றாரா, “கிளிக் செய்யுங்கள்” என்றாரா? பலருக்கு இரண்டுமே வெறும் ‘இக்’தான். எது என்று ஊகித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஆசிரியர் அடுத்த இரண்டு வாக்கியம் போயிருப்பார். மூளையின் பலமெல்லாம் ஊகிப்பதிலேயே செலவாகிவிட்டால், நினைவில் வைக்க எதுவும் மிஞ்சாது. வெளியே வரும்போது “என் மூளை போச்சு” என்று தோன்றும். நான்கே நாளில் வகுப்பைவிட்டு நின்ற எத்தனையோ பேருக்கு மூளையில் குறையே இல்லை, காதில் இருந்தது.

தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி வீட்டில் சண்டை வருகிறதா? எதிரில் ஒருவர் பேசினால் புரிகிறது, நாலு பேர் சேர்ந்து பேசினால் புரியவில்லையா? பெண்கள், குழந்தைகள் பேச்சுதான் கூடுதலாக நழுவுகிறதா? ஒன்றுக்கு “ஆம்” என்றாலும் காதைச் சோதித்துவிட்டுத்தான் எந்த வகுப்பிலும் சேர வேண்டும். முதலில் காது மருத்துவர் உள்ளே பார்க்கட்டும். சிலருக்குக் காதுக் குறும்பிதான் கட்டியாக அடைத்திருக்கும். எடுத்துவிட்டால் முடிந்தது. அதன்பின் கேட்புச் சோதனை. வலியில்லாதது, நேரமும் அதிகம் ஆகாது. 2024-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆணையம் மறதி நோய்க்கான காரணங்களில் நம்மால் மாற்றக்கூடியவை 14 என்று பட்டியலிட்டது. கேட்புக் குறைவும், கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவும் அதில் உண்டு. கேட்புக் கருவி போட்டால் எல்லோருக்கும் மறதி நின்றுவிடும் என்று இதற்குப் பொருளில்லை. 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை மூன்று ஆண்டு கவனித்த ஆய்வு 2023-இல் வந்தது. மொத்தக் குழுவில் கருவி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இதய நோய் போன்ற ஆபத்துகள் ஏற்கெனவே கூடுதலாக இருந்தவர்களிடம் மட்டும் அறிவுத்திறன் சரிவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. உங்களுக்கு உடனடி லாபம் வேறு: வகுப்பில் சொல்வது காதில் விழும்.

இங்கும் தரகர்கள் உண்டு. சோதனை செய்த அதே மேசையிலேயே கருவியை விற்பவரிடம் அன்றே வாங்காதீர்கள். சோதனை வரைபடத்தின் நகலைக் கையில் வாங்கிக்கொண்டு எழுந்து வாருங்கள், அது உங்களுடையது. சில வாரம் போட்டுப் பார்த்துத் திருப்பித் தரலாம் என்று எழுதித் தருபவரிடம் மட்டும் வாங்குங்கள். எல்லா ஒலியையும் ஒரே மாதிரி பெரிதாக்கும் மலிவுக் கருவி தட்டுச் சத்தத்தையும் கதவுச் சத்தத்தையும்தான் பெரிதாக்கும். அதை வாங்கி அலமாரியில் போட்டவர்கள் ஏராளம்.

இதையெல்லாம் உங்களுக்கு நான் எழுத வேண்டியிருப்பதே வேதனை. 60 வயதானவர்களின் காதையும் கண்ணையும் வழக்கமாகச் சோதிப்பது எந்த மருத்துவமனைக்கும் முடியாத காரியமா? 2021 முதல் 2030 வரை ‘ஆரோக்கிய முதுமைப் பத்தாண்டு’ என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தாயிற்று, பாதிக்கு மேல் ஓடியும் போயிற்று. இன்னும் பெரியவர்களுக்கான வகுப்பை மாடியில் வைக்கிறார்கள், மாலை இருட்டிய பிறகு வைக்கிறார்கள். “எனக்கு மைக் வேண்டாம், சத்தமாகவே பேசுவேன்” என்கிறார் ஆசிரியர். இணையம் பழகும் வகுப்புக்கு இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டுமாம். கல்விக்கென்று ஒதுக்கும் பணமெல்லாம் வேலைக்குப் போகிற வயதோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரு மனிதர் 20, 30 ஆண்டு வாழ்கிறார் என்பது அதிகாரிகள் கண்ணில் படுவதே இல்லை.

வேறு மாதிரியும் செய்ய முடியும். பிரான்ஸின் துலூஸ் நகரில் 1973-இல் மூத்தோருக்கென்றே ‘மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்’ தொடங்கினார்கள். அது பிரிட்டனுக்குப் போனபோது இன்னும் எளிமையானது: தேர்வு இல்லை, பட்டம் இல்லை, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித் தருவார். இன்று ஒருவருக்கு மாணவர், நாளை இன்னொருவருக்கு ஆசிரியர். இதற்குக் கட்டடமோ தலைவரோ தேவையில்லை. உங்களுக்குக் கணக்கு தெரியும். ஓய்வூதியத் தாளைப் படிக்கத் தெரியாமல் பிள்ளைகளை எதிர்பார்த்திருப்பவர்கள் உங்கள் அக்கம்பக்கத்திலேயே இருப்பார்கள். வாரம் ஒரு நாள் நாலு பேரை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள். ஒன்றைப் பிறருக்கு விளக்கத் தயாராவதுபோல மூளைக்கு வேலை கொடுப்பது குறைவு. சான்றிதழ் தருகிறோம் என்று யாராவது வந்தால் அதற்காக மட்டும் பணம் கொடுக்காதீர்கள். அதைக் காட்டி நீங்கள் வேலை தேடப் போவதில்லை.

ஓவிய வகுப்பைப் பார்க்கப் போகும்போது, முதலில் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பார்க்க விடச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த இடம் வேண்டாம். வெளிச்சம் ஆசிரியர் முகத்தில் விழும்படி முன்வரிசையில் உட்காருங்கள். உதட்டைப் பார்த்தால் பாதிச் சொல் புரிந்துவிடும். ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் பழகுவதைவிட, இன்று கற்றதை நாளை ஒரு தடவை, மூன்றாம் நாள் ஒரு தடவை, வாரம் கழித்து ஒரு தடவை என்று இடைவெளி விட்டுப் பழகுவது நிற்கும். எந்த வயதிலும் அப்படித்தான், நம் வயதில் கூடுதலாக. செல்பேசியில் ஏதாவது கேட்டால் “கொடுங்கம்மா, நானே போட்டுத் தர்றேன்” என்று மகன் கையிலிருந்து பிடுங்கினால், தராதீர்கள். கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வாயால் மட்டும் சொல்லச் சொல்லுங்கள். நேரம் ஆகட்டும்.

அந்த மூளைப் பயிற்சிக்காரர் இந்த வாரம் கட்டாயம் மறுபடி கூப்பிடுவார். சண்டை போட வேண்டாம். “மறதி நோய் வராமல் தடுக்கும் என்று சொன்னீர்களே, அதை அப்படியே உங்கள் நிறுவனத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கட்டணத்தை மாதாமாதம் கட்டுகிறேன்” என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் காது மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள்.