மார்மன் சபையினர் இணையத்தில் பேசும்போது எல்லாவற்றையும் சொல்கிறார்களா?

கேள்வி: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மேற்படிப்புக்கு வந்திருக்கிறேன். மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையின் இணையதளத்தில் மிஷனரிகளோடு சாட் செய்து வருகிறேன். ரொம்ப அன்பாகப் பேசுகிறார்கள். நம்பலாமா, எதையாவது மறைக்கிறார்களா?

பதில்:

ஊரை விட்டு வந்து இதுதான் உங்களுக்கு முதல் பனிக்காலம் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் யாராவது "இன்றைக்கு நாள் எப்படிப் போனது" என்று கேட்டாலே மனசு இளகிவிடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்தவரை பொய் சொல்ல மாட்டார்கள். ஆனால் எதை எப்போது சொல்வது என்பதில் அவர்களுக்கு ஒரு வரிசை இருக்கிறது. நீங்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

நான் இருப்பது சால்ட் லேக் சிட்டிக்குத் தெற்கே, லீஹையில். ஆபீஸில் நிறையப் பேர் அந்தச் சபைதான். அவர்கள் காபி குடிப்பதில்லை, அதனால் பிரிட்ஜ் நிறைய சோடா டின். என் மகளின் ஹைஸ்கூலை ஒட்டியே சபையின் செமினரி கட்டடம். ஒரு பீரியட் அங்கே போய் வேதம் படிக்கப் பள்ளியே நேரம் விடுகிறது. தோழிகள் அவளை மாலைக் கூட்டத்துக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். சரி, இவர்கள் என்னதான் நம்புகிறார்கள் என்று அவர்களிடமே கேட்டுவிடலாம் என்று சாட்டைத் திறந்தேன். வேவு பார்த்தாய் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மதம் மாறும் எண்ணம் இல்லை, மகளுக்காகக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் பேசினேன்.

அந்தப் பக்கம் இரண்டு சின்னப் பெண்கள். மிஷனரிகள் எப்போதும் ஜோடியாகத்தானே இருப்பார்கள். கடவுள், குடும்பம், ஜெபம் என்று எல்லாவற்றுக்கும் பதில் மளமளவென்று வந்தது. "உங்கள் சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித்துக்கு எத்தனை மனைவிகள்?" என்று கேட்டேன். மூன்று புள்ளிகள் குதித்தன, நின்றன, மறுபடி குதித்தன. "நல்ல கேள்வி! இதைக் கேட்க உங்களுக்கு எப்படித் தோன்றியது?" என்று வந்தது. திரும்பவும் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு லிங்க் அனுப்பினார்கள். அவர்களுடைய சபை 2014இல் தானே வெளியிட்ட கட்டுரை. திறந்து பார்த்தால் சுற்றிவளைக்காமல் எழுதியிருக்கிறார்கள்: ஒரு பெண்ணை மணந்தபோது அவளுக்கு 15 வயது நிறைய இன்னும் சில மாதங்கள் இருந்தன என்று. மொத்தம் 30 முதல் 40 பேர் என்ற மதிப்பீடு மட்டும் அடிக்குறிப்பில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு வருத்தமே இல்லை. கேட்டதற்கு உண்மையான பதிலைத்தான் கொடுத்தார்கள். ஆனால் கேட்காமல் இருந்திருந்தால்?

சபைக்குள்ளேயே பலருக்கு இது தெரியாது. ஸ்வீடனில் அந்தச் சபையின் பெரிய பொறுப்பில் இருந்தவர் ஹான்ஸ் மாட்சன். சபை வரலாற்றின் சங்கடமான பகுதிகளை இணையத்தில் படித்துத்தான் குழம்பிப்போனார் என்று 2013இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அவ்வளவு மேலே இருந்தவருக்கே அந்த நிலை. அந்த வருடக் கடைசியிலிருந்துதான் பலதார மணம், 1978 வரை கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் மறுத்தது போன்ற விஷயங்களில் சபையே எழுதிய அந்த மாதிரிக் கட்டுரைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. விளம்பரங்களில் இதெல்லாம் வராது. 2010இல் தொடங்கிய "நான் ஒரு மார்மன்" வீடியோக்களைத் தேடிப் பாருங்கள். அலைச்சறுக்கு வீராங்கனை வருவார், தி கில்லர்ஸ் என்ற ராக் இசைக்குழுவின் பாடகர் பிராண்டன் ஃப்ளவர்ஸ் வருவார், எல்லாரும் நல்ல மனிதர்கள். என்ன நம்புகிறார்கள் என்று மட்டும் கேட்கக்கூடாது!

மார்மன் என்ற பெயரைச் சபை கைவிட்டதே அடையாளத்தை மறைக்கத்தான் என்று சிலர் சொல்வார்கள். அது நியாயமில்லை. 2018இல் அப்போதைய சபைத் தலைவர் ரஸல் நெல்சன், மார்மன் என்று அழைப்பது சாத்தானுக்குக் கிடைத்த வெற்றி என்றார். மறு வருடம் இணையதளப் பெயரிலிருந்தும் அந்தச் சொல் போய்விட்டது. ஆனால் "பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை" என்ற முழுப்பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்று அவர் 1990இலேயே பேசியவர். விளைவு என்னவோ, புதிதாக வருபவருக்கு அது எந்தச் சபை என்று சட்டெனப் பிடிபடாது.

காபி, டீ கூடாது, வருமானத்தில் பத்தில் ஒன்று காணிக்கை என்பதையெல்லாம் ஞானஸ்நானத்துக்கு முன்பே சொல்லிவிடுவார்கள். அந்தக் காணிக்கையை வாங்கும் சபை தன் பங்குச்சந்தை முதலீடு எவ்வளவு என்று வெளியே தெரியாமலிருக்க 13 டம்மி நிறுவனங்களின் பெயரில் கணக்குக் காட்டியது. அதற்காக 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்துக்கு, சபையின் முதலீட்டு நிறுவனமும் சபையுமாகச் சேர்ந்து 50 லட்சம் டாலர் அபராதம் கட்டின. இதை எந்த மிஷனரியும் பாடத்தில் சொல்ல மாட்டார். 18, 19 வயதுப் பிள்ளைகள், அவர்களுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

நம்ம ஊர் மடங்களும் சாமியார்களும் யோக்கியமா என்று கமெண்டில் வருவீர்கள். இல்லைதான். கேள்வி அதுவல்ல. எனக்கு இந்தச் சபைக்காரர்கள் மேல் விரோதமும் இல்லை. பனி கொட்டினால் பக்கத்து வீட்டுப் பெரியவர், அவரும் அந்தச் சபைதான், நாங்கள் எழுவதற்கு முன்பே எங்கள் வாசலையும் சேர்த்து அள்ளிவிடுவார்.

உண்மையில் எனக்குக் கோபம், ஆள் சேர்க்கும் வியாபாரத்துக்கு வலைவீசும் நம்ம ஆட்கள் மேல்தான். கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தால் ஒரு தம்பதி வந்து, "நீங்க தமிழா? எந்த ஊர்?" என்பார்கள். நம்பர் வாங்கி, குழந்தையைக் கொஞ்சி, வீட்டுக்கு வந்து சாம்பார் சாதம் சாப்பிட்டு, அதன் பிறகு "ஒரு நல்ல வாய்ப்பு இருக்கு" என்று லேப்டாப்பைத் திறப்பார்கள். கம்பெனி பெயரைக் கேட்டால் "மீட்டிங்குக்கு வாங்க, சொல்றோம்" என்பார்கள். என்ன கம்பெனி என்று கடைசிவரை அவர்கள் வாயிலிருந்து வரவே இல்லை. இன்றைக்கும் புதிதாக யாராவது தமிழில் பேச வந்தால் நான் தள்ளுவண்டியை வேறு வரிசைக்குத் திருப்பிவிடுகிறேன். அந்த மிஷனரிகளாவது முதல் நாளே தாங்கள் யார் என்று பேட்ஜ் குத்திக்கொண்டு நிற்கிறார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சாட்டைத் தொடருங்கள், தப்பில்லை. ஞானஸ்நானத்துக்கு ஒரு தேதி குறிக்கலாமா என்ற பேச்சு சீக்கிரமே வரும். அதற்கு முன்னால் அந்தக் கட்டுரைகளை அவர்கள் தளத்திலேயே, அடிக்குறிப்போடு, படித்துவிடுங்கள். அந்தச் சபையின் கோவிலுக்குள் என்னென்ன உறுதிமொழி எடுக்க வேண்டும், பிறகு விலக நினைத்தால் என்ன நடைமுறை என்று எழுத்தில் கேளுங்கள். நேரில் யாரும் வர வேண்டாம் என்றால் போன் நம்பரும் முகவரியும் கொடுக்காதீர்கள். நான் வேண்டாம் என்றதும் அந்தப் பெண்கள் மரியாதையாக விடைபெற்றுவிட்டார்கள்.