றெக்கை மேல காத்து: எந்த ஸ்கீமை நம்புறது?

கேள்வி: அண்ணே, காரைக்குடியில இன்ஜினியரிங் கடைசி வருஷம். ப்ராஜெக்ட்டுக்கு விமான றெக்கை மேல காத்தோட்டத்தை கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்குறோம். ஃபர்ஸ்ட் ஆர்டர் அப்விண்ட் ஸ்கீம் (காத்து வர்ற பக்கத்து மதிப்பை வச்சு தோராயமா போடுற கணக்கு முறை) போட்டா சமத்தா கன்வெர்ஜ் ஆகுது (விடை மாறாம நின்னுருது), அதைவிட துல்லியமான செகண்ட் ஆர்டர் போட்டா ஷாக் (காத்தழுத்தம் திடீர்னு எகிறுற எடம்) பக்கத்துல பிரஷர் மேலயும் கீழயும் ஆடுது. எதை எடுத்துக்க?
- ஒரு மாணவர், தேவகோட்டை

பதில்: தம்பி, கன்வெர்ஜ் ஆயிருச்சுன்னா விடை சரின்னு அர்த்தமில்ல. ஃபர்ஸ்ட் ஆர்டர் ஸ்கீம், இல்லாத பிசுபிசுப்பை தானா காத்துல சேர்த்துரும், அதனால ஆத்தங்குடி கல்லுல கலர் கலந்து பூவோட ஓரம் மங்குன மாதிரி ஷாக் பரவிப்போயி டிராக் (விமானத்தைப் பின்னால இழுக்குற விசை) கூடுதலா காட்டும். ஆரம்பத்துல கொஞ்ச நேரம் அதுல ஓட்டிட்டு அப்புறம் மாத்திக்கங்க, அதுக்குத்தான் அது லாயக்கு.

ஆட்டத்துக்கு காரணம் 1959லயே ரஷ்யக் கணித அறிஞர் கோடுனோவ் நிரூபிச்சது: புது ஆட்டம் கிளப்பாத லீனியர் ஸ்கீம் (எல்லா எடத்துலயும் ஒரே சூத்திரம் போடுறது) ஃபர்ஸ்ட் ஆர்டரைத் தாண்ட முடியாது. அதான் வான் லியர் மாதிரி ஆளுங்க லிமிட்டர் (ஆட்டத்தை அடக்குற கடிவாளம்) கொண்டுவந்தாங்க, வழுவழுன்னு இருக்க எடத்துல செகண்ட் ஆர்டர், ஷாக் கிட்ட மட்டும் தானா எறங்கிக்கும். பயணிகள் விமானம் மாக் 0.8 (ஒலி வேகத்துல 0.8 பங்கு) பக்கத்துல பறக்குறப்ப றெக்கை மேல ஷாக் வரும், அதனால லிமிட்டர் போட்ட செகண்ட் ஆர்டரையே எடுங்க.

முதல்ல ஒரு சோதனை. நாக்கா 0012 (மேலயும் கீழயும் ஒரே வளைவுள்ள றெக்கை வடிவம்), மாக் 0.3, கோணம் சைபர், விஸ்காசிட்டி (பிசுபிசுப்பு) இல்லாம ஓட்டுங்க. டிராக் சைபர் வரணும், வர்றது அத்தனையும் ஸ்கீமும் மெஷ்ஷும் (காத்தைக் கூறு போடுற வலை) பண்ற தப்புதான். ரெசிட்யுவல் (கணக்குல இன்னும் மிச்சமிருக்குற பிழை) பாதியில நின்னு சுத்துச்சுன்னா லிமிட்டர்லயே ஒரு வகையான வெங்கடகிருஷ்ணன் லிமிட்டர் போட்டுப் பாருங்க, பல சமயம் எறங்கிரும்.