இளம் வயதில் உயர் இரத்த அழுத்தம், கையில் நாடி இல்லை: சிறுநீரகத் தமனி அழற்சி குறித்த கேள்வி-பதில்

வந்திருக்கும் கடிதங்களில் சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களைப் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டுள்ளேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, அவர்கள் வசிக்கும் பகுதியை மட்டும் குறிப்பிடுகிறேன். தமனியின் சுவரில் ஏற்படும் அழற்சி பெரும்பாலும் அந்த இடத்தில் வலியாகத் தெரிவதில்லை. கை நாடியிலும், சிறுநீரின் நிறத்திலும், சிலருக்குப் பாதம் தளர்ந்துபோவதிலும்தான் அது முதலில் வெளிப்படுகிறது. அதனால்தான் பலருக்கு வேறு ஏதோ ஒரு நோயின் பெயரில் மாதக்கணக்கில் சிகிச்சை நடந்துவிடுகிறது.

என் மகளுக்கு 22 வயது. ஏற்றுமதித் துணி நிறுவனத்தில் வேலை செய்கிறாள். ஓயாத தலைவலி என்று காட்டியபோது பிரஷர் 170/110 இருந்தது. வேலை டென்ஷன் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். இடது கையில் வைத்தால் மெஷின் எதையும் காட்டுவதில்லை. பேட்டரி கோளாறு என்றார்கள். இது சரியா? — பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு தாய்

சரியில்லை, அம்மா. 22 வயதுப் பெண்ணுக்கு 170/110 என்ற அளவை வேலைப் பளுவின் கணக்கில் எழுதிவிட்டு அனுப்பக் கூடாது. இளம் வயதில் இவ்வளவு உயர்ந்த இரத்த அழுத்தத்துக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, அதைத் தேடிப் பார்ப்பதே முறை. ஒரு கையில் எண் வந்து மறு கையில் வராமல் இருப்பதை, வேறு விதமாக நிரூபிக்கப்படும் வரை, நோயின் அடையாளமாகவே கருத வேண்டும்.

நான் முதலில் சந்தேகிப்பது டகயாசு தமனி அழற்சி. ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிட்டோ டகயாசு 1908இல் ஓர் இளம்பெண்ணின் விழித்திரை இரத்தக் குழாய்களில் கண்ட மாற்றங்களை விவரித்ததால் அவர் பெயரில் வழங்குகிறது. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியையும் அதன் கிளைகளையும் இது பாதிக்கிறது. 40 வயதுக்கு உட்பட்ட பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. நம் நாட்டு நோயாளிகளிடம் வயிற்றுப் பகுதிப் பெருந்தமனியும் அதிலிருந்து பிரியும் சிறுநீரகத் தமனிகளும் பாதிக்கப்படுவது மிகுதி என்பதால், இங்கே பலருக்கு உயர் இரத்த அழுத்தமே முதல் அறிகுறியாக அமைகிறது.

தமனி சுருங்கித் தனக்கு வரும் இரத்தம் குறையும்போது, உடல் முழுவதிலுமே இரத்தம் குறைந்துவிட்டதாகச் சிறுநீரகம் எடுத்துக்கொண்டு ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதன் தொடர்விளைவாக எல்லாத் தமனிகளும் இறுகுகின்றன, உப்பும் நீரும் உடலில் தேங்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது. சாதாரண மாத்திரைக்கு அது எளிதில் இறங்குவதில்லை.

மகளிடம் சிலவற்றைக் கேளுங்கள். துணியை உயர்த்திப் பிடிக்கும்போதோ தலை வாரும்போதோ இடது கை சீக்கிரம் ஓய்ந்துவிடுகிறதா? மேம்பாலப் படி ஏறும்போது கால் இழுத்துப் பிடிக்கிறதா? கழுத்தின் பக்கவாட்டில் தொட்டால் வலி உண்டா? சில மாதங்களுக்கு முன் காரணம் தெரியாத காய்ச்சல், உடல்வலி, எடைக்குறைவு இருந்ததா? இந்தத் தொடக்கக் காய்ச்சலை டைபாய்டு என்று நினைத்துக் கடந்துவிட்ட குடும்பங்கள் பல.

மருத்துவரிடம் இரண்டு கைகளிலும், இரண்டு கால்களிலும் இரத்த அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். இரு கைகளுக்கும் இடையே 10 மி.மீ. வரை வேறுபாடு பலருக்கு இயல்பாகவே இருக்கும். 20ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. இரு கைத் தமனிகளும் சுருங்கியிருந்தால் கையில் எடுக்கும் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும்; மூளையும் இதயமும் தாங்கிக்கொண்டிருக்கும் உண்மையான அழுத்தம் மறைந்துபோகும். அப்படிப்பட்டவர்களுக்குக் கால் அளவையே நம்ப வேண்டியிருக்கும். தொப்புளுக்குச் சற்று மேலே ஸ்டெதஸ்கோப் வைத்தால் சுருங்கிய தமனியில் இரத்தம் பாயும் இரைச்சல் சிலருக்குக் கேட்கும். கேட்கவில்லை என்பதால் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அடுத்து, உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரத்தப் பரிசோதனைகளும், சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினினும், சிறுநீர்ப் பரிசோதனையும், இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனும், இரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர். ஆஞ்சியோகிராமும் தேவைப்படும். ஸ்டான்லி மருத்துவமனையின் சிறுநீரகவியல் பிரிவு உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். இடையில் பார்வை மங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ வெளிநோயாளிப் பிரிவுக்காகக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள்.

துறைமுகத்தில் சுமை ஏற்றும் வேலை. வயது 34. திடீரென்று வலது இடுப்புக்கு மேல் தாங்க முடியாத வலி, வாந்தி. கல் என்றார்கள், ஸ்கேனில் கல் இல்லை. சிறுநீரில் மட்டும் இரத்த அணுக்கள். இரண்டு மாதம் கழித்து இடது பக்கம் அதே போல வந்தது. — தண்டையார்பேட்டை

இந்த வலிக்கு மிகப் பொதுவான காரணம் கல்தான். கல் இறங்கிப் போயிருந்தாலும் ஸ்கேனில் தெரியாது. ஆனால் கல்லே காணப்படாமல் ஒரு பக்கம் வந்த வலி மறுபக்கமும் வரும்போது, சிறுநீரகத்தின் ஒரு பகுதிக்கு இரத்தம் தடைப்பட்டு அந்தத் திசு இறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல்லுக்காக எடுக்கும் சாதாரண சி.டி. ஸ்கேன் இதைக் காட்டாது. கிரியாட்டினின் அளவைப் பார்த்த பின், சாய மருந்து செலுத்தி எடுக்கும் ஸ்கேனில்தான் இது புலப்படும். திசு சிதையும்போது வெளியேறும் எல்.டி.எச். என்ற நொதியின் அளவு இரத்தத்தில் மிக உயர்ந்திருப்பதும் இதற்கு ஒரு குறிப்பு.

காரணம் இரு திசைகளில் இருக்கலாம். முதலாவது இதயம். சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களுக்கும், இதயத்துடிப்பு ஒழுங்கற்றுப் போனவர்களுக்கும், அங்கே உருவாகும் இரத்தக் கட்டி சிறுநீரகத் தமனியில் போய் அடைத்துக்கொள்ளும். ஆகவே ஈ.சி.ஜி.யும் எக்கோவும் அவசியம்.

இரண்டாவது, நடுத்தர அளவுத் தமனிகளைத் தாக்கும் பாலிஆர்டெரைட்டிஸ் நோடோசா. குஸ்மால், மையர் என்ற இரு ஜெர்மானிய மருத்துவர்கள் 1866இல் விவரித்த நோய் இது. தமனிச் சுவர் ஓரிடத்தில் அடைபட்டும் மற்றோரிடத்தில் சிறு குமிழாகப் புடைத்தும் போகிறது. உங்களை நேரில் பார்த்தால் நான் கேட்கக்கூடியவை இவை: முயற்சியின்றி நான்கு கிலோவுக்கு மேல் எடை குறைந்ததா? சாப்பிட்ட பின் வயிறு வலிக்கிறதா? கால்களில் வலைபோல ஊதா நிறக் கோடுகள் தெரிகின்றனவா? ஒரு பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு கழன்று விழுகிறதா? விதைப்பையில் வலி உண்டா? கடைசிக் கேள்வியைக் கேட்காவிட்டால் பெரும்பாலான ஆண்கள் தாமாகச் சொல்வதில்லை. கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள், நோயைக் கண்டுபிடிக்க அது நேரடியாக உதவும் அறிகுறி.

ஹெபடைட்டிஸ் பி கிருமித் தொற்றுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதால் அந்தப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். தொற்று இருந்தால் சிகிச்சை முறையே மாறும். இந்த நோய் என்ற சந்தேகம் வலுவாக இருக்கும்போது, சிறுநீரகத்திலிருந்து ஊசி வழியாகச் சதை எடுக்க அவசரப்படக் கூடாது. குமிழ் உடைந்து உள்ளே இரத்தக்கசிவு ஏற்படலாம். ஆஞ்சியோகிராம் முதலில் வர வேண்டும். அதுவரை வலிக்காக மருந்துக் கடையில் டைக்ளோபினாக் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். இரத்தம் குறைந்த சிறுநீரகத்தை அது மேலும் வாட்டும்.

அப்பாவுக்கு 58 வயது. சளியில் கிருமி தெரியாவிட்டாலும் நுரையீரல் நிழலை வைத்து டி.பி. மருந்து இரண்டு மாதமாகக் கொடுக்கிறோம். இருமலில் இரத்தம் நிற்கவில்லை. மூக்கில் அடிக்கடி இரத்தமும் பொருக்கும் வருகின்றன. இப்போது கால் வீங்குகிறது. கிரியாட்டினின் மூன்று வாரத்தில் 1.4இலிருந்து 3.2 ஆகிவிட்டது. — கொருக்குப்பேட்டை

இந்தப் பகுதி அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் நாள்கள் கடந்துவிடும் என்பதால், அவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கும்படி உங்களுக்குத் தனியாகவே எழுதிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே விளக்குகிறேன்.

மூக்கு, நுரையீரல், சிறுநீரகம் ஆகிய மூன்றும் சேர்ந்து பாதிக்கப்படும்போது, மிக நுண்ணிய இரத்தக் குழாய்களின் அழற்சியை நினைக்க வேண்டும். இதில் சுருங்குவது பெரிய தமனி அல்ல. சிறுநீரை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சுகளே எரிந்துபோகின்றன. கிரியாட்டினின் சில வாரங்களில் இரட்டிப்பதும், சிறுநீர் நுரைப்பதும், கறுப்புத் தேநீரின் நிறம் கொள்வதும் இதன் அடையாளங்கள். ஆன்கா என்ற இரத்தப் பரிசோதனை பெரும்பாலோருக்கு நோயைக் காட்டிக்கொடுக்கும். இங்கே, முன் சொன்ன நோய்க்கு மாறாக, சிறுநீரகச் சதைப் பரிசோதனை மிகவும் உதவும்.

காசநோய் மிகுந்த வட சென்னையில் நுரையீரல் நிழலைக் கண்டதும் காசநோய் என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் சளியில் கிருமி இல்லை, மருந்துக்கும் முன்னேற்றம் இல்லை என்ற நிலையில், ஒரே ஒரு சிறுநீர்ப் பரிசோதனை திசையை மாற்றிக் காட்டிவிடும். டி.பி. மருந்துகளில் ஒன்றான ரிபாம்பிசின் மாத்திரை சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குவதால், குடும்பத்தினர் நிற மாற்றத்தை மருந்தின் மேல் போட்டுவிடுகிறார்கள். நிறத்தைக் கொண்டு முடிவு செய்யாமல் நுண்ணோக்கியில் சிவப்பணுக்கள் தெரிகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

டி.பி. மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். இரண்டு நோயும் சேர்ந்தே இருக்கக்கூடும். அதே ரிபாம்பிசின், அழற்சிக்குக் கொடுக்கும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டின் ஆற்றலைக் குறைக்கவும் செய்யும். ஆகவே இரு பிரிவு மருத்துவர்களும் பேசித்தான் அளவைத் தீர்மானிக்க வேண்டும். எல்லா மருந்துச் சீட்டுகளையும் இருவரிடமும் காட்டுங்கள்.

எங்கள் பகுதியின் புகையும் சாம்பலும் இரத்தக் குழாய் அழற்சியைக் கொண்டுவருமா? — எண்ணூர்

டகயாசு நோய்க்கு அப்படி ஒரு காரணம் நிறுவப்படவில்லை. மேலே சொன்ன நுண்குழாய் அழற்சிக்கும், வேலையிடத்தில் நீண்ட காலம் சுவாசிக்கும் சிலிக்காத் தூசிக்கும் தொடர்பு உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. கல் உடைத்தல், மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்தல் போன்ற வேலை பார்த்தவர்கள் அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். சுத்தமான காற்றைக் கேட்பதற்கு உங்களுக்கு வேறு காரணங்களே போதும். அதில் நான் முழுமையாக உங்கள் பக்கம்.

எனக்கு வயது 61; நாற்பது ஆண்டு பீடிப் பழக்கம். பிரஷருக்கு ராமிப்ரில் தொடங்கிய பத்து நாளில் கிரியாட்டினின் 1.3இலிருந்து 2.4 ஆனது. தமனி அழற்சியாக இருக்குமா? — திருவொற்றியூர்

உங்கள் வயதிலும் பழக்கத்திலும் அழற்சியைவிடக் கொழுப்புப் படிவால் தமனி சுருங்கியிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். காரணம் எதுவாயினும் இந்த மாத்திரைக்கு உடல் காட்டும் எதிர்வினை ஒன்றே. இரு பக்கத் தமனிகளும் சுருங்கியிருக்கும்போது வடிகட்டும் அழுத்தத்தைத் தக்கவைத்திருப்பது, ரெனினின் தொடர்விளைவாக உருவாகும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருள்தான். ராமிப்ரில், எனலாப்ரில், டெல்மிசார்டன் போன்ற மருந்துகள் அந்தப் பிடியைத் தளர்த்துவதால் கிரியாட்டினின் ஏறுகிறது. சிறிதளவு ஏறுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். 30 விழுக்காட்டுக்கு மேல் ஏறினால் மருந்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும், உங்களுக்கு அது ஏறத்தாழ 85 விழுக்காடு. பொட்டாசியமும் உயர்ந்திருக்கக்கூடும் என்பதால் இன்றே மருத்துவரைத் தொடர்புகொண்டு, அடுத்த மாத்திரைக்கு முன் அவர் சொல்வதைக் கேளுங்கள். இரவில் திடீரென மூச்சு முட்டி எழுந்து உட்கார நேர்ந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம்; 108ஐ அழையுங்கள். பீடியை விட்டுவிடுங்கள்.

டகயாசு என்று உறுதியாகி என் மனைவிக்கு (வயது 27) ஓராண்டாக ஸ்டீராய்டும், அழற்சியை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட்டும் தருகிறார்கள். இ.எஸ்.ஆர். இயல்பாக இருக்கிறது. முகம் ஊதிவிட்டது என்று வருந்துகிறாள். நிறுத்தலாமா? குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? — பெரம்பூர்

திடீரென்று நிறுத்தவே கூடாது. பல மாதங்கள் ஸ்டீராய்டு எடுத்தவரின் உடல் தனக்கு வேண்டியதைத் தானே சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும். சட்டென நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். அளவைப் படிப்படியாகக் குறைக்க முடியும், முகத்தின் வீக்கமும் அதோடு வடியும் என்று அவரிடம் சொல்லுங்கள். அந்த வருத்தம் நியாயமானது. மருத்துவரிடம் அதை வெளிப்படையாகப் பேசினால், ஸ்டீராய்டைக் குறைத்து மற்ற மருந்தைக் கூட்டும் வழியை அவர் ஆராய்வார்.

இ.எஸ்.ஆர். இயல்பாக இருப்பதை மட்டும் வைத்து நோய் அடங்கிவிட்டது என்று முடிவு செய்ய முடியாது. இரத்தப் பரிசோதனை அமைதியாக இருக்கையிலேயே தமனிச் சுவர் தடித்துக்கொண்டே போவது இந்த நோயில் உண்டு. ஆகவே குறிப்பிட்ட இடைவெளியில் ஆஞ்சியோகிராமை மீண்டும் எடுத்துப் பழையதோடு ஒப்பிட வேண்டும். சுருங்கிய தமனியைப் பலூன் வைத்து விரிப்பதும் அழற்சி அடங்கிய பிறகுதான் நல்ல பலன் தரும். அழற்சி கனன்றுகொண்டிருக்கும்போது விரித்தால் மீண்டும் சுருங்கும் வாய்ப்பு அதிகம்.

குழந்தை பெற்றுக்கொள்ள முடியும். நோய் அடங்கி, இரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்த பின், திட்டமிட்டுக் கருத்தரிக்க வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் கருவுக்குத் தீங்கு செய்யும். அதைக் கருத்தரிப்பதற்குச் சில மாதங்கள் முன்பே நிறுத்தி, அசாதயோப்ரின் போன்ற மருந்துக்கு மாற வேண்டும். ராமிப்ரில், டெல்மிசார்டன் வகைகளும் கர்ப்பத்தில் கூடாது. அதுவரை கருத்தடை முறையைக் கைவிட வேண்டாம்.

ஒன்பது வயதுப் பையனுக்குத் தலைவலி. கண்ணாடி போட்டும் குறையவில்லை. ஒருமுறை வலிப்பு வந்தது. மூளை ஸ்கேன் நன்றாக இருக்கிறது. குழந்தைகளுக்கும் இந்த நோய் வருமா? — ராயபுரம்

வரும். நம் நாட்டில் குழந்தைகளுக்குச் சிறுநீரகத் தமனி சுருங்கி இரத்த அழுத்தம் ஏறுவதற்கு டகயாசு ஒரு முக்கியக் காரணம். உங்கள் கடிதத்தில் கண் பரிசோதனை இருக்கிறது, மூளை ஸ்கேன் இருக்கிறது. பையனின் இரத்த அழுத்தம் எவ்வளவு என்பது எங்கும் இல்லை. பெரியவர்களுக்கான பட்டையைச் சிறு கையில் சுற்றினால் அளவு குறைத்துக் காட்டும் என்பதால், குழந்தைக்கு ஏற்ற பட்டை வைத்திருக்கும் இடத்தில், நான்கு கை கால்களிலும் அளக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கான 120/80ஐ வைத்து ஒப்பிடாமல், வயதுக்கும் உயரத்துக்கும் உரிய அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். அளவு உயர்ந்திருந்தால் சிறுநீர், கிரியாட்டினின், டாப்ளர் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். ஏற்கெனவே ஒருமுறை வலிப்பு வந்திருப்பதால் நாளை காலையே அழைத்துச் செல்லுங்கள். மூளை ஸ்கேன் அறிக்கையையும் கையோடு எடுத்துப் போங்கள்.