இடுப்பு மூட்டு மாற்றியவருக்குக் காதில் இரைச்சல்: முதலில் அந்த ஸ்டிக்கரைத் தேடுங்கள்

அண்ணே, தக்கலையில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு 2009-ல் இடுப்பு மூட்டு மாற்றியதாகவும், இப்போது கவட்டில் வலி, காதில் ஓயாத இரைச்சல் என்றும் எழுதியிருந்தீர்கள். வயசுக் கோளாறு என்று சொன்னதோடு விட்டுவிடாதீர்கள்.

மார்த்தாண்டத்தில் எங்கள் அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. பழைய டிஸ்சார்ஜ் சம்மரி அலமாரியில் சேலைக்கு அடியில் கிடந்தது. அதில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரில்தான் மூட்டின் மாடலும், எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் லாட் எண்ணும் இருந்தன. செயற்கை மூட்டில் ஒன்றுக்குள் ஒன்று சுழலும் பந்து, கிண்ணம் இரண்டுமே உலோகம் என்றால், உரசி உரசி கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலக்கும். காது, கண், நரம்பு, தைராய்டு, இதயம் வரை பாதிக்கலாம். இந்த வகையைச் சேர்ந்த, டிபியூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் மூட்டை 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். அப்பாவுடையது அதுவா என்று பாருங்கள்.

ஸ்டிக்கரோடு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் எலும்புப் பிரிவுக்குப் போய், கோபால்ட், குரோமியம் அளவு பார்க்க எழுதித் தரக் கேளுங்கள். சாதாரண டியூபில் ரத்தம் எடுத்தால் அளவு தப்பும், உலோகப் பரிசோதனைக்கென்று தனி டியூப் உண்டு. லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் கட்டாயம் கவனிக்க வேண்டும். குறைவாக வந்தாலும் வலி இருந்தால் ஸ்கேன் தேவை. கிட்னியையும் பார்த்துவிடுங்கள், கோபால்ட் வெளியேறுவது பெரும்பாலும் சிறுநீரில்தான்.

அம்மாவுக்கு மறுபடி ஆபரேஷன் செய்து திறந்தபோது மூட்டைச் சுற்றிச் சாம்பல் கறுப்பில் நீர் கட்டியிருந்ததாம். மாற்றிய பிறகு வலி குறைந்தது.

அப்புறம், அப்பாவுக்கு மூச்சு வாங்கினால் அன்றே இதய மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்டிக்கர் கிடைத்ததும் மாடல் பெயரை இங்கே போடுங்கள்.