பக்கத்து லயத்துப் பெண்ணுக்காக நான் பேசலாமா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கம், வண்டன்மேட்டில் ஏலத்தோட்ட வேலை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் இருக்கிறோம். பக்கத்து வீட்டில் ஜார்க்கண்டில் இருந்து வந்த குடும்பம். சம்பள நாளானால் புருஷன் குடித்துவிட்டு அந்தப் பெண்ணை அடிக்கிறான். ஒரே சுவர், எல்லாம் கேட்கிறது. அவளுக்குத் தமிழ் அரைகுறை, மலையாளம் சுத்தமாகத் தெரியாது, ஆதார் கார்டும் அவனிடம்தான். "நாமே பிழைக்க வந்தவங்க, நமக்கெதுக்கு" என்கிறார் என் வீட்டுக்காரர். என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம், இடுக்கி மாவட்டம்)

பதில்: அன்புள்ள தோழி, தாராளமாகப் பேசலாம். 2005-இல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 4-வது பிரிவு, அடி வாங்குகிறவள்தான் வந்து சொல்ல வேண்டும் என்று கேட்கவில்லை; விஷயம் தெரிந்த யாரும், இந்தச் சட்டத்துக்கென்றே அரசு வைத்திருக்கும் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லலாம், நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் எந்த வழக்கும் வராது. உங்கள் வீட்டுக்காரரிடம் இதை முதலில் சொல்லுங்கள். அவர் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, வெளியூரில் பிழைக்கிறவர்களுக்கு அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். ஆனால் 2015-இல் மூணாறு தேயிலைத் தோட்டங்களில் 20 சதவீத போனஸ் கேட்டு, தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு ரோட்டில் உட்கார்ந்தார்களே, அவர்களும் பிழைக்க வந்த குடும்பங்களின் தமிழ்ப் பெண்கள்தான்.

அவனிடம் நேராகப் போய்ச் சண்டை போடாதீர்கள். நீங்கள் திரும்பி வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அவளுக்குத்தான் இரண்டு மடங்கு விழும். அவன் இல்லாத நேரத்தில், காய் எடுக்கும் இடத்திலோ தண்ணீர் பிடிக்கும் இடத்திலோ, அவளிடமே கேளுங்கள். என்ன செய்வது என்பதை முடிவு செய்ய வேண்டியவள் அவள், நானும் இல்லை நீங்களும் இல்லை. உயிருக்கு ஆபத்து என்று தோன்றுகிற ராத்திரியில் மட்டும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 112-ஐக் கூப்பிடுங்கள். மற்றபடி பெண்களுக்கான உதவி எண் 181. உங்களிடம் தமிழ்நாட்டு சிம் இருந்தால் கால் அந்தப் பக்கம் போய்விடலாம், அதனால் எடுத்ததும் இடுக்கி மாவட்டம், வண்டன்மேடு என்று சொல்லிவிடுங்கள். மாவட்டத்தில் வனிதா சம்ரக்ஷண ஆபீசர் இருக்கிறார், அவர்தான் நான் மேலே சொன்ன பாதுகாப்பு அதிகாரி.

காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்ல வேண்டாம் என்று அவளுக்குப் புரிய வையுங்கள். நம் பெண்கள் வெட்கப்பட்டு அப்படித்தான் சொல்வார்கள், டாக்டரும் அதையே எழுதிவிடுவார், பிறகு கோர்ட்டில் அந்தச் சீட்டே அவளுக்கு எதிராக நிற்கும். யார் அடித்தது, எதால் அடித்தது, எல்லாம் சீட்டில் வர வேண்டும்.

பாஷை ஒரு தடையே இல்லை. அரசியல் சாசனத்தின் 350-வது பிரிவுப்படி, மாநிலத்திலோ மத்தியிலோ வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரியிடமும் குறையை எழுதிக் கொடுக்கலாம். அவள் இந்தியில் கொடுக்கட்டும், நீங்கள் தமிழில் கொடுங்கள், "மலையாளத்தில் எழுதிட்டு வா" என்று திருப்பி அனுப்பினால் இந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். வக்கீலுக்குக் காசு வேண்டாம்: பெண் என்றால் வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு, அதற்கு 15100.

கல்யாணச் சான்றிதழ் இல்லையே என்றும் தயங்க வேண்டாம், கணவன் மனைவி போலச் சேர்ந்து வாழ்ந்திருந்தாலே குடும்ப வன்முறைச் சட்டம் செல்லும். லயத்து வீடு அவன் பெயரில் இருந்தாலும், அவளை வெளியே தள்ளக் கூடாது என்று மாஜிஸ்ட்ரேட் உத்தரவு போட முடியும். உத்தரவை மீறினால் ஒரு வருஷம் வரை ஜெயில். பறித்து வைத்திருக்கும் ஆதார் கார்டையும் கோர்ட் மூலமாகவே திருப்பி வாங்கலாம்.

இதெல்லாம் வேண்டாம், பிள்ளைகளோடு ஊருக்கே போகிறேன் என்று அவள் சொன்னால் அதுவும் சரிதான். அங்கே போய்த் தங்கியிருக்கும் இடத்திலேயே வழக்கு போடலாம், அதற்காக மறுபடி இந்த மலை ஏறி வர வேண்டியதில்லை.