பார்க்க வருகிறவர்கள்

அன்புள்ள ஐயா,

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து பதினொரு மாதம் ஆகிறது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன; பேச்சும் இல்லை. இரவில் இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து புரட்டிப் படுக்கவைக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் என்னைத் தெய்வம் என்கிறார்கள். நெல்லிக்குப்பத்திலிருந்து மைத்துனரும் வந்து அதையே சொல்லிவிட்டுப் போனார். போன வாரம் கணவர் கஞ்சியைத் துப்பியபோது, 'இவர் போய்விட்டால் தேவலை' என்று நினைத்துவிட்டேன். உடனே, 'நானும்' என்று தோன்றியது. நான் கெட்டவளா?

(பெயர் வேண்டாம்)
மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை.

'நானும்' என்றீர்களே, அது வெறும் அலுப்பு அல்ல. இன்றே 14416க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநலச் சேவை அது. கட்டணமில்லை, நள்ளிரவிலும் தமிழில் பேசலாம்.

பக்கவாதம் வந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரைப் பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை 2017இல் தொகுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய 40 சதவீதம் பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. அத்தனை பேருமா கெட்டவர்கள்? பதினொரு மாதம் சேர்ந்தாற்போல் தூங்காத உடம்பு வேறு எப்படி நினைக்கும்?

கஞ்சி விஷயம். மூளை பாதிக்கப்பட்டால் சுபாவம் மாறும், காரணமில்லாமல் கோபம் வரும். விழுங்கும் தசைகளும் தளரலாம். அதை மருத்துவரிடம் காட்டுங்கள்; புரையேறி நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.

தெய்வப் பட்டம் என் அம்மாவுக்கும் கிடைத்தது. புதுச்சேரியில் அப்பா நான்கு வருடம் படுத்திருந்தார். மாதம் ஒருமுறை நான் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய், "அப்பா எப்படி இருக்கிறார்?" என்று கேட்டுவிட்டு மாலை பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அம்மா பாதியாய் இளைத்திருந்தது அப்பா போன பிறகுதான் என் கண்ணில் பட்டது. தெய்வம் என்று சொல்லிவிட்டால் அதற்குத் தூக்கம் வேண்டாம், மாற்று ஆள் வேண்டாம். சொல்கிறவருக்கு எவ்வளவு சௌகரியம்!

அடுத்த முறை கணவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும்போது உங்கள் பெயருக்கும் ஒரு சீட்டு போடுங்கள். இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லையா, மனம் சோர்ந்தே கிடக்கிறதா என்று கேட்பார்கள். மழுப்பாமல் சொல்லுங்கள். இதற்கு மருந்து உண்டு. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மைத்துனரைச் சனிக்கிழமை இரவு தங்கச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் இந்தப் பதிலைக் காட்டுங்கள். புரட்டிப் படுக்கவைப்பதை ஒருமுறை செய்துகாட்டுங்கள். உங்கள் கைப்பக்குவம் அவருக்கு வராது, துணி கசங்கும், தலையணை நழுவும். நீங்கள் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.